சி நிரல் எதிர்பாராததைத் திரையில் காட்டும்போது: பிழையின் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சி மொழி கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் மர்ஃபி டவுன், ஜீவன்பீமா நகர்ப் பகுதிகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்திருந்தாலும், வீட்டில் பேசும் மொழியில் விளக்கினால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. அவர்களில் ஒரு மாணவி ஒருநாள் மடிக்கணினியைத் திறந்துவைத்து, "அக்கா, என் நிரல் பெயரைக் கேட்கவே மாட்டேன் என்கிறது. நானாக எதையோ தட்டி என்டர் அழுத்தினால், எல்லாக் கேள்விகளையும் கடைசியில் மொத்தமாகக் கேட்கிறது" என்றாள். நிரலில் திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் முதலில் இருந்தது, தட்டுவதை வாங்கும் ஸ்கேன்எஃப் அடுத்து இருந்தது; தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என்னிடம் வருவதற்குள் அவள் அந்த நிரலை மூன்று முறை திருத்தி, சரியாக இருந்த இரண்டு இடங்களைக் கெடுத்திருந்தாள்.

திரையில் தெரிவதை நிரல் செய்ததாகவே எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தவறின் வேர். ஒரு மதிப்பு நம் கண்ணை அடைவதற்குள் நான்கு நிறுத்தங்களைக் கடக்கிறது. முதலில் அது கணக்கிடப்படுகிறது; பிறகு பிரிண்ட்எஃப் அதை எழுத்துகளாக மாற்றுகிறது; அந்த எழுத்துகள் பஃபர் எனப்படும் இடைக்கிடங்கில் சிறிது நேரம் தங்குகின்றன; கடைசியாக, கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினல் அவற்றைத் தன் புரிதலுக்கேற்ப வரைந்து காட்டுகிறது. எந்த நிறுத்தத்தில் கோளாறு நேர்ந்தது என்று தெரியும்வரை நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்பதை என் மாணவர்களுக்கு விதியாகவே வைத்திருக்கிறேன். கீழே உள்ள படிகள் அந்த நிறுத்தத்தைக் கண்டுபிடிப்பதற்கானவை. லினக்ஸையும், நிரலை இயக்கக்கூடியதாகத் தொகுக்கும் ஜிசிசி கம்பைலரையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன். விண்டோஸ் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிடுகிறேன். மதிப்பின் வகையைப் பிரிண்ட்எஃப்புக்கும் ஸ்கேன்எஃப்புக்கும் சொல்வது வடிவக் குறி; சதவீதக் குறியை அடுத்து டி எழுத்து வரும் வடிவக் குறியைச் (%d) சதவீத-டி என்றும், மற்றவற்றையும் அவ்வாறே எழுதியிருக்கிறேன்.

படி 1: திரையை விட்டுவிட்டுப் பைட்டுகளைப் பாருங்கள்

நிரலின் வெளியீட்டை வலப்பக்கம் நோக்கும் கோணக் குறியால் (>) ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு அந்தக் கோப்பை ஓடி என்ற கட்டளையில் சி விருப்பத்துடன் திறந்தால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனியே தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, தாவல், புதுவரி, வரித்தொடக்கக் குறி எல்லாம் வெளிப்பட்டுவிடும். எண்மதிப்புகளாகப் பார்க்க விரும்புகிறவர்கள் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையைப் பயன்படுத்தலாம்.

கோப்பில் பைட்டுகள் சரியாக இருந்து திரையில் மட்டும் தவறாகத் தெரிந்தால், கோளாறு டெர்மினலில் இருக்கிறது. கோப்பிலேயே உள்ளடக்கம் தவறாக இருந்தால் கணக்கையோ வடிவக் குறியையோ சந்தேகிக்க வேண்டும். திரையில் ஒரு வரிசையிலும் கோப்பில் வேறொரு வரிசையிலும் வரிகள் வந்தாலும், கோப்பின் வால்பகுதி காணாமல் போனாலும், ஒரே வரி இரண்டு முறை வந்தாலும், பஃபரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கோப்புக்குத் திருப்பிவிடும் செயலே பஃபரின் நடத்தையை மாற்றுகிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு இவ்வளவு பயன்தருகிறது.

படி 2: எச்சரிக்கைகளைத் திறந்துவிடுங்கள்

டபிள்யூ-ஆல் (-Wall), டபிள்யூ-எக்ஸ்ட்ரா (-Wextra), ஜி (-g) ஆகிய மூன்று விருப்பங்களுடன் நிரலை மீண்டும் தொகுக்கவும். வடிவக் குறிக்கும் மதிப்பின் வகைக்கும் பொருத்தமில்லாததை டபிள்யூ-ஆல் தானாகவே சுட்டிக்காட்டும். எச்சரிக்கை வந்தாலும் நிரல் ஓடுகிறதே என்று கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அரை நாள் தேடலுக்கான விடை அந்த ஒற்றை வரியில் இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

படி 3: நேரமும் வரிசையும் தவறினால் பஃபரை விசாரியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் நிரலின் தர்க்கத்தில் எவ்வளவு தேடினாலும் இந்தக் கோளாறு அங்கே கிடைக்காது. ஒவ்வோர் எழுத்துக்கும் இயக்குதளத்தை அழைப்பது செலவு மிகுந்த வேலை என்பதால், சி நூலகம் எழுத்துகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புகிறது. எஸ்டிடிஅவுட் என்னும் வெளியீட்டு ஓடை ஒரு டெர்மினலுடன் இணைந்திருந்தால், லினக்ஸில் புதுவரிக் குறி வரும்போதெல்லாம் பஃபர் காலியாகிறது. அதே ஓடை கோப்புடனோ, வெளியீட்டை வேறொரு நிரலுக்குக் கடத்தும் பைப்புடனோ இணைந்திருந்தால், பஃபர் நிரம்பும்வரை எதுவும் வெளியே போகாது. பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர்ர் ஓடையை முழுப் பஃபரில் வைக்கக் கூடாது என்று சி மொழித் தரமே விதித்திருக்கிறது. லினக்ஸில் அது எதையும் சேர்த்துவைக்காமல் உடனே அனுப்பிவிடுகிறது.

மாணவியின் நிரலில் நடந்தது இதுதான். அவள் நிரலை டெர்மினலில் ஓட்டவில்லை. நிரல் எழுதும் செயலிக்குள் இருந்த வெளியீட்டுப் பலகத்தில் ஓட்டினாள். அந்தப் பலகம் தன்னை டெர்மினலாக அறிவித்துக்கொள்ளாமல் ஒரு பைப்பை மட்டும் கொடுத்திருந்ததால், கேள்விகள் அனைத்தும் பஃபரில் தேங்கி, நிரல் முடியும்போது ஒன்றாக வெளிவந்தன. கேள்வியை அச்சிட்ட பிறகு எஸ்டிடிஅவுட்டை எஃப்ஃபிளஷ் என்ற செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) கொடுத்தால், தேங்கியது உடனே வெளியேறும். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படி எழுத வேண்டாம் என்றால், மெயினின் முதல் வரியில் செட்விபஃப் மூலம் பஃபரையே நிறுத்திவிடலாம். ஆனால் அந்த ஓடையில் எதையும் எழுதுவதற்கு முன்பே அதை அழைத்தாக வேண்டும். வரிக்கு வரி காலி செய்யும் முறையை அதே செட்விபஃப்பில் கேட்டால், விண்டோஸ் நூலகம் அதை முழுப் பஃபராகவே நடத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே விண்டோஸில் பஃபரை முற்றிலும் நிறுத்துவதோ, எஃப்ஃபிளஷ் எழுதுவதோதான் வழி.

கேள்வி தாமதமாக வந்தால் எரிச்சலோடு போய்விடும். நிரல் முறிந்து விழும்போது பஃபர் தரும் ஏமாற்றம் பெரிது. பல ஆண்டுகளுக்கு முன் பீனியா தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் இயந்திரக் கட்டுப்பாட்டு நிரல்களை எழுதிக்கொண்டிருந்தேன். இரவு ஓட்டத்தில் ஒரு நிரல் அவ்வப்போது, தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொடும் செக்மென்டேஷன் பிழையில் விழுந்தது. பதிவுக் கோப்பின் கடைசி வரியைப் பார்த்து, அந்த வரிக்கு அடுத்த செயற்கூற்றில் இரண்டு இரவுகள் தேடினோம். உண்மையில் நிரல் அதையெல்லாம் தாண்டி வெகுதூரம் போய் வேறொரு கோப்பின் செயற்கூற்றில்தான் விழுந்திருந்தது. இடையில் அச்சிட்ட வரிகள் யாவும் பஃபரோடு அழிந்துவிட்டன. பதிவுக் கோப்பின் அளவு 4096 பைட்டின் மடங்காக, ஒரு வரியின் நடுவிலேயே வெட்டுப்பட்டு நின்றதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. லினக்ஸில் கோப்புக்கான பஃபர் பொதுவாக 4096 பைட்டாக இருப்பதால், அந்த எண்ணே போதுமான தடயம். பிழை தேடுவதற்காக அச்சிடும் வரிகளை அன்றிலிருந்து நான் எஸ்டிடிஎர்ருக்கே அனுப்புகிறேன்.

எஸ்டிடிஅவுட்டையும் எஸ்டிடிஎர்ரையும் ஒரே கோப்புக்குத் திருப்பினால், பிழைச் செய்திகள் முன்னாலும் இயல்பான வரிகள் பின்னாலும் வந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். நிகழ்ந்த வரிசையை அந்தக் கோப்பிலிருந்து ஊகிக்கக் கூடாது. தன்னைப் போலவே ஒரு பிள்ளைச் செயலைப் பிறப்பிக்கும் ஃபோர்க் அழைப்பைப் பயன்படுத்தும் நிரலில் ஒரு வரி திரையில் ஒரு முறையும் கோப்பில் இரண்டு முறையும் வந்தால், ஃபோர்க்குக்கு முன் தேங்கியிருந்த பஃபரும் பிள்ளைச் செயலுக்கு நகலாகி, இருவரும் அதைத் தனித்தனியே வெளியேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஃபோர்க்குக்கு முன் எஃப்ஃபிளஷ் எழுதினால் தீரும். அடிக்கோட்டுடன் தொடங்கும் எக்ஸிட் அழைப்பு பஃபரைக் காலி செய்யாது, அடிக்கோடில்லாத எக்ஸிட் செய்யும். பிறர் எழுதிய நிரலைத் தொட முடியாத நிலையில், லினக்ஸின் எஸ்டிடிபஃப் கட்டளை வழியாக அதை ஓட்டி வரிக்கு வரி வெளியேறச் செய்யலாம்.

உள்ளீட்டு ஓடையான எஸ்டிடிஇன்னை எஃப்ஃபிளஷ் செய்தால் மிச்ச உள்ளீடு அழிந்துவிடும் என்று சொல்லித்தரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எஃப்ஃபிளஷ் வெளியீட்டுக்கானது, விசைப்பலகை உள்ளீட்டில் அதன் விளைவைச் சி தரம் வரையறுக்கவில்லை. தயவுசெய்து அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

படி 4: எண்கள் தவறினால் வகையைச் சரிபாருங்கள்

பிரிண்ட்எஃப் தனக்கு வந்த மதிப்பின் வகையை அறியாது. வடிவக் குறிகள் அடங்கிய உரையான வடிவச் சரம் சொல்வதை அப்படியே நம்புகிறது. 3.5 என்ற மதிப்பைச் சதவீத-டி கொண்டு அச்சிட்டால் 3 வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். 64-பிட் இன்டெல் வகைக் கணினியில் லினக்ஸ், தசம எண்களையும் முழு எண்களையும் செயலியின் உள்ளே இருக்கும் சிறு சேமிப்பிடங்களான வெவ்வேறு பதிவகங்களில் அனுப்புகிறது. சதவீத-டி முழு எண்ணுக்கான பதிவகத்தில் தற்செயலாகக் கிடந்ததை எடுத்துக் காட்டுவதால், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் பெரிய எண் ஒன்று வருவதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

அச்சிடும்போது தசம எண் வகைகளான ஃபுளோட்டுக்கும் டபுளுக்கும் சதவீத-எஃப் ஒன்றே போதும், ஏனெனில் ஃபுளோட் தானாகவே டபுளாக உயர்த்தப்படுகிறது. உள்ளீட்டில் அப்படியில்லை: டபுள் மாறிக்கு ஸ்கேன்எஃப்பில் சதவீத-எல்எஃப் கட்டாயம் வேண்டும். இதை மறந்தால் நீங்கள் தட்டிய 98.6 எங்கோ தொலைந்து, 0.000000 போன்ற ஏதோ ஒன்று திரையில் நிற்கும். வடிவக் குறி சரியாக இருந்தும் பூச்சியம் வந்தால் வகுத்தலைப் பாருங்கள். ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்கும் கணக்கில் 5/9 என்று எழுதினால், இரண்டும் முழு எண்கள் என்பதால் விடை 0, 5.0/9.0 என்று எழுத வேண்டும்.

ஒற்றை எழுத்துக்கான கேர் வகை மாறியில் 200 வைத்து அச்சிட்டால் -56 வருவதைக் கண்டு திகைக்கிறவர்கள் உண்டு. 8 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியுடன் கூடிய எண் 127 வரைதான் போகும் என்பதால் 200 இலிருந்து 256 கழிந்து -56 ஆகிறது. இதே நிரலை ஏஆர்எம் சில்லு கொண்ட லினக்ஸ் பலகையில் தொகுத்தால் 200 என்றே வரும். அங்கே குறி இல்லாத கேர்தான் இயல்பு. இரண்டு கணினிகளில் இரண்டு விடை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவரின் கடை ரசீது நிரல், ஆங்கிலத்தில் 10% என்றெழுதி ஓர் இடைவெளி விட்டு டிஸ்கவுண்ட் என்ற சொல்லை அச்சிட வேண்டியிருந்தது. திரையில் ஒரு பெரிய எண் வந்து, டிஸ்கவுண்ட் என்ற சொல்லின் முதல் எழுத்து மட்டும் மறைந்திருந்தது. சதவீதக் குறி, இடைவெளி, டி எழுத்து மூன்றும் சேர்ந்து சரியான வடிவக் குறியாகவே அமைந்துவிடுகின்றன, ஏனெனில் இடைவெளியும் அங்கே அனுமதிக்கப்பட்ட, அச்சிடும் விதத்தை மாற்றும் ஒரு கொடி. சதவீதக் குறியை அச்சிட அதை இருமுறை எழுத வேண்டும். பயனர் தட்டிய சரத்தை நேரடியாகப் பிரிண்ட்எஃப்பின் முதல் மதிப்பாகக் கொடுப்பதும் இதே ஆபத்துதான், அதோடு பாதுகாப்பு ஓட்டையும்கூட. எப்போதும் சதவீத-எஸ் வழியாகவே அச்சிடுங்கள்.

படி 5: கேள்வியைத் தாண்டிப் போனால் மிஞ்சிய உள்ளீட்டைத் தேடுங்கள்

வயதைச் சதவீத-டியால் வாங்கிய பிறகு, ஆம் அல்லது இல்லை என்பதற்கான ஒற்றை எழுத்தைச் சதவீத-சியால் வாங்கும் இடத்தில் நிரல் நிற்காமல் ஓடிவிடும். வயதுக்குப் பின் நீங்கள் அழுத்திய என்டர், புதுவரிக் குறியாக உள்ளீட்டில் காத்திருந்தது. சதவீத-சி அதையே எழுத்தாக எடுத்துக்கொண்டது. கிடைத்த எழுத்தைச் சதவீத-டியால் அச்சிட்டுப் பார்த்தால் 10 என்று வரும், சந்தேகம் தீர்ந்துவிடும். சதவீத-சிக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் ஸ்கேன்எஃப் வெற்றிடங்களைத் தாண்டிப் போகும். ஸ்கேன்எஃப் திருப்பித்தரும் எண்ணிக்கையையும் சோதியுங்கள். எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டினால் அது 0 தந்துவிட்டு அந்த எழுத்தை அங்கேயே விட்டுவைக்கும், சுழற்சிக்குள் இருந்தால் திரை முடிவின்றி ஓடும்.

படி 6: சரத்தின் முன்னும் பின்னும் குப்பை வந்தால்

சதவீத-எஸ் பூச்சிய பைட்டைச் சந்திக்கும்வரை நிற்காது. 5 இடங்கள் கொண்ட அணியில் 5 எழுத்துள்ள ஆங்கிலச் சொல்லைத் தொடக்க மதிப்பாக வைத்தால், முடிவுக் குறிக்கு இடமில்லாமல் போகிறது. சி மொழி இதை அனுமதிக்கிறது. அச்சிடும்போது சொல்லை அடுத்து நினைவகத்தில் கிடப்பதெல்லாம் சேர்ந்து வரும். அணியின் அளவைக் கைப்பட எழுதாமல் காலியாக விட்டால், கம்பைலர் தானே சரியாகக் கணக்கிடும்.

சரத்தைச் சதுர அடைப்புக்குள் அச்சிட்டு, [சென்னை] என்பதற்குப் பதிலாக ]சென்னை என்று வந்தால், சரத்தின் முடிவில் வரித்தொடக்கக் குறி ஒளிந்திருக்கிறது. விண்டோஸில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்தக் குறியும் புதுவரிக் குறியும் சேர்ந்திருக்கும். லினக்ஸில் புதுவரியை மட்டும் நீக்கினால் முன்னது தங்கி, கர்சரை வரியின் தொடக்கத்துக்கு இழுத்து, மூடும் அடைப்பைத் திறந்த அடைப்பின்மேல் எழுதவைக்கிறது.

படி 7: தமிழ் எழுத்துகள் சிதைந்தால்

இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள். தமிழ் என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் இருப்பதால், சரத்தின் நீளத்தைத் தரும் எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும். அது பிழையன்று, அந்தச் செயற்கூறு பைட்டுகளை எண்ணுகிறது, எழுத்துகளை அன்று.

குறைந்தது எத்தனை இடம் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிண்ட்எஃப்பின் அகல எண்ணும் பைட்டுகளையே எண்ணுகிறது. ஊர்ப் பட்டியலை 20 அகலத்தில் இடப்பக்கம் ஒட்டி அச்சிட்டால், 18 பைட்டுள்ள சென்னைக்குப் பின் 2 இடைவெளிகளும், 12 பைட்டுள்ள கோவைக்குப் பின் 8 இடைவெளிகளும் விழுகின்றன, நெடுவரிசை கோணலாகிறது. அகல எண்ணை மாற்றி மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. தமிழ்ப் பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்துக் கோப்பில் எழுதி, அட்டவணைச் செயலியில் திறப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. அதிகபட்சம் எத்தனை பைட்டு அச்சிடுவது என்று சொல்லும் துல்லிய எண்ணாக 4 கொடுத்துச் சென்னையை அச்சிட்டால், சகரத்தின் 3 பைட்டுகளும் அடுத்த எகரக் குறியின் ஒரே பைட்டும் வெளிவந்து, டெர்மினலில் பொதுவாக ஒரு கேள்விக்குறிக் கட்டம் தெரியும்.

விண்டோஸில் சிதைவு வேறு வகையாகத் தெரியும். எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்குக் குறியீட்டுப் பக்கம் என்று பெயர்; 437 என்ற பழைய குறியீட்டுப் பக்கத்தில் இயங்கும் கன்சோல் (விண்டோஸின் டெர்மினல்), அகரத்தின் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளை ஆல்ஃபா எழுத்து, இரட்டைக் கோண மேற்கோள் குறி, மேற்கோடிட்ட ஏ எழுத்து என மூன்றாகக் காட்டும். தமிழ் வரி முழுவதும் ஆல்ஃபாவாக நிறைந்திருந்தால் பைட்டுகள் சரி, பக்கம்தான் தவறு என்று முடிவு செய்யலாம். நிரலை ஓட்டும் முன் சிஎச்சிபி கட்டளையில் 65001 கொடுங்கள்; நிரலுக்குள்ளேயே கன்சோல் வெளியீட்டுப் பக்கத்தை மாற்றும் விண்டோஸ் செயற்கூறும் உண்டு. அதன் பின்னும் கட்டங்களே தெரிந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்து தெரிந்தும் கொம்பும் காலும் பிரிந்து நின்றால், அந்த டெர்மினலுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கும் திறன் இல்லை. பைட்டுகளைக் கோப்பில் பார்த்துவிட்டீர்கள் என்றால் அதற்காக நிரலைத் திருத்த வேண்டியதில்லை.

அகன்ற எழுத்துகளுக்கான டபிள்யூபிரிண்ட்எஃப்பை முயல்கிறவர்கள் அதையும் பிரிண்ட்எஃப்பையும் ஒரே ஓடையில் கலக்கக் கூடாது. முதல் அழைப்பு ஓடையின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது. லினக்ஸில் மற்ற வகை அழைப்புகள் எதையும் அச்சிடாமல் தோல்வியைத் திருப்பித்தருகின்றன. பாதி வரிகள் காரணமின்றி மறைந்தால் இதைப் பாருங்கள்.

படி 8: ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தால்

ஒரே உள்ளீட்டுக்கு விடை மாறினாலும், ஒரு பிரிண்ட்எஃப்பைச் சேர்த்தவுடன் பிழை மறைந்தாலும், கம்பைலரின் மேம்பாட்டு நிலையை (ஆப்டிமைசேஷன்) மாற்றித் தொகுத்தால் வேறாக நடந்தாலும், காரணம் பெரும்பாலும் தொடக்க மதிப்பு தராத மாறியோ அணியின் எல்லையைத் தாண்டி எழுதியதோதான். ஒரே பிரிண்ட்எஃப்பில் ஒரு மாறியைக் கூட்டவும் காட்டவும் செய்வதும் இந்த வகையே. மதிப்புகள் எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பதற்கு உறுதி இல்லை. அதைத் தனி வரியில் கூட்டிவிட்டு அடுத்த வரியில் அச்சிடுங்கள்.

இத்தகைய பிழையை அச்சிட்டுத் தேடுவது நேரத்தை விழுங்கும். ஜிசிசியில் எஃப்-சானிடைஸ் விருப்பத்துக்கு அட்ரெஸ், அன்டிஃபைன்ட் என்ற இரண்டு மதிப்புகளையும் கொடுத்துத் தொகுத்தால், எல்லை மீறிய வரியின் எண்ணையே நிரல் ஓடும்போது சொல்லிவிடும். தொடக்க மதிப்பில்லாத மாறியை அது பிடிக்காது. அதற்கு இந்த விருப்பம் இல்லாமல் தொகுத்த நிரலை வால்கிரைண்ட் என்னும் நினைவகச் சோதனைக் கருவி வழியாக ஓட்டுங்கள். வால்கிரைண்டின் அறிக்கை நீளமாக வரும். முதல் செய்தியை மட்டும் எடுத்து, அது காட்டும் வரியைத் திருத்தி, மீண்டும் ஓட்டிவிட்டு அடுத்ததைப் படியுங்கள். பின்னால் வரும் செய்திகளில் பல அந்த முதல் பிழையிலிருந்தே கிளைத்திருக்கும்.